தண்ணி எங்கதான் போகுது? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு ஓரமா "தண்ணி பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு ரெண்டு வரி போட்டதுக்கு இவ்ளோ வந்து குவியும்னு சத்தியமா நெனைக்கல. வாட்ஸ்அப்ல, மெயில்ல, ஒருத்தர் இன்லண்ட் லெட்டர்லயே எழுதியிருக்கார், அது இன்னும் எந்த போஸ்ட் ஆபீஸ்ல கெடைக்குதுன்னு அவர்கிட்டதான் கேக்கணும். பாதிப்பேர் சுத்தி வளைச்சுக் கேட்டது ஒண்ணுதான், உலகத்துல தண்ணி தீந்துருமா? தீராதுங்க. பூமியில இருக்குற தண்ணி எங்கயும் ஓடிப்போகல. அதுல 97.5 சதவீதம் உப்புத்தண்ணி, மிச்சம் ரெண்டரையில பெரும்பங்கு பனிப்பாறையா உறைஞ்சு கெடக்கு, அடுத்தது நிலத்துக்கு அடியில, ஆறு ஏரி குளம்னு நாம கண்ணால பாக்குறது அதுலயும் ஒரு கொசுறு. அந்தக் கொசுறும் நமக்கு வேணுங்குற ஊர்ல வேணுங்குற மாசத்துல இருக்குறதில்ல, அங்கதான் வம்பே ஆரம்பிக்குது. ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், யார் என்ன ஐடியா சொன்னாலும் நான் திருப்பி ஒரே கேள்விதான் கேப்பேன்: அந்தத் தண்ணி இதுக்கு முன்னாடி எங்க போய்ட்டிருந்துச்சு? வீட்ல எல்லாருக்கும் இதக் கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு, இனிமே உங்க முறை.

கல்லூரி மாணவர், மதுரை: அண்ணே, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1,700 கன மீட்டர் தண்ணி இல்லேன்னா அது தண்ணி நெருக்கடி நாடுன்னு பாடத்துல வருது. கணக்கு போட்டா ஒரு நாளைக்கு 4,650 லிட்டர். எங்க வீட்ல நாலு பேருக்கும் சேத்தே 12 கொடம்தான். இவ்ளோத்தையும் யாருண்ணே குடிக்கிறா?

நீதான் தம்பி, தட்டுல வச்சு குடிக்கிற. இந்தக் கணக்கு சுவீடன் நாட்டு நீரியல் விஞ்ஞானி மாலின் ஃபால்கென்மார்க் 1989-ல கொண்டுவந்தது. 1,700-க்கு கீழ போனா நெருக்கடி, 1,000-க்கு கீழ போனா பற்றாக்குறை, 500-க்கும் கீழன்னா ரொம்ப மோசம். இந்தியாவுக்கு 2021 கணக்குப்படி 1,486, அதாவது நாம ஏற்கனவே முதல் கோட்டத் தாண்டியாச்சு. இதுல வீட்டுக் கொழா ஒரு ஓரத்துலதான் நிக்குது. மனுஷன் ஆறு கெணறு ஏரியிலருந்து எடுக்குற நல்ல தண்ணியில சுமார் 70 சதவீதம் வெவசாயத்துக்குப் போகுது. ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரி 2,500 லிட்டர்னு நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ராவோட குழு கணக்குப் போட்டுச்சு, ஒரு பொருள உண்டாக்க மொத்தம் எவ்ளோ தண்ணி செலவாகுதுங்குற கணக்குக்கு நீர்த்தடம்னு பேரு, அந்தப் பேச்ச 2002-ல கெளப்பி விட்டவரும் அவர்தான். ஹாஸ்டல் மெஸ்ல ரெண்டாவது தடவ சோறு வாங்கி பாதிய இலையோட மடிக்கிறியே, அங்க போகுது உன் பன்னெண்டு கொடமும்.

ஆனா இந்த மாதிரி நம்பர அப்படியே நம்பி பயந்துடாத. ஒரு கப் காபிக்கு 130 லிட்டர்னு ஒரு கணக்கு அடிக்கடி சுத்தும், படிச்சதும் டம்ளர கீழ வச்சிடலாமான்னு தோணும். அந்த 130-ல பெரும்பங்கு மலையில காபிச் செடி மேல பேஞ்ச மழ. காபி போடலேன்னாலும் அந்த மழ அங்க பேஞ்சிருக்கும், காட்டு மரம் உறிஞ்சிருக்கும். இதப் பிரிச்சுச் சொல்றதுக்கும் ஃபால்கென்மார்க் அம்மாவே பேர் வச்சுட்டாங்க, மண்ணுல தங்கி செடி குடிக்கிற மழ பச்சத் தண்ணி, ஆறு கெணத்துலருந்து நாம எடுக்குறது நீலத் தண்ணி. (நம்ம ஊர்ல பச்சத்தண்ணின்னா சொம்புல குடுக்குறது, அத இங்க போட்டுக் குழப்பிக்க வேணாம்.) நீலத்துல கை வச்சாதான் இன்னொருத்தன் பங்கு கொறையும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு, சராசரி. ஐப்பசியில கொட்டுனத சித்திரையில எவன் குடிக்க முடியும்? அதனால 2016-ல ஹூக்ஸ்ட்ராவும் மெஸ்ஃபின் மெக்கோனனும் வருஷக் கணக்க விட்டுட்டு மாசம் மாசமா பாத்தாங்க. வருஷத்துல ஒரு மாசமாவது கடுமையான தட்டுப்பாட்டுல மாட்டுறவங்க 400 கோடி பேர்னு வந்துச்சு, முன்னாடி போட்ட வருஷக் கணக்கெல்லாம் அதவிட ரொம்பக் கம்மி காட்டுச்சு.

விவசாயி, உடுமலை: மானியத்துல சொட்டு நீர் போட்டேனுங்க. முன்ன அஞ்சு ஏக்கர்ல ரெண்டு ஏக்கருக்குத்தான் தண்ணி காணும், இப்ப அஞ்சும் பாயுது, அதே மோட்டார் அதே நேரம்தான். ஆனா பக்கத்து தோட்டத்துக்காரரு கெணறு வத்துனதுக்கு நாந்தான் காரணம்னு மூஞ்சியத் திருப்பிட்டுப் போறாருங்க. தண்ணிய மிச்சம் பண்றவன் மேல கோவப்படுறது நாயமுங்களா?

இந்தக் கேள்விய ரெண்டு நாளா கையிலயே வச்சிருந்தேனுங்க, ஏன்னா பதில் உங்களுக்குப் புடிக்காது, உங்க பக்கத்து தோட்டத்துக்காரருக்கு ரொம்பப் புடிக்கும்.

ஒரு பேச்சுக்கு நூறு கொடம்னு வச்சுக்கலாங்க. வாய்க்கால்ல விட்டுப் பாய்ச்சுனப்ப அந்த நூறுல அம்பது பயிர் குடிச்சு இல வழியா ஆவியா விட்டுருச்சு, பத்து சும்மா வெயில்ல காஞ்சுருச்சு, மிச்சம் நாப்பது வேருக்கும் கீழ எறங்கிப் போச்சு. இந்த நாப்பதத்தான் நாம எல்லாரும் வேஸ்ட்டு வேஸ்ட்டுனு சொல்லிப் பழகிட்டோம். அது எங்க போச்சுங்க? பக்கத்து தோட்டத்துக் கெணத்துக்குத்தான். இப்ப டியூப் போட்டாச்சு, அதே நூறு கொடம் எறைக்கிறீங்க, தொண்ணூறு பயிருக்கு, அஞ்சு வெயிலுக்கு, கீழ எறங்குறது வெறும் அஞ்சு. முன்ன நிலத்த விட்டு நெசமா வெளிய போனது அறுவது, இப்ப தொண்ணூத்தஞ்சு. உங்க மோட்டார் மீட்டர்ல ஒரு மாத்தமும் தெரியாது, உங்க கண்ணுக்கு மூணு ஏக்கர் கூடுதலா பச்சையா தெரியும், அந்தப் பச்ச அவரு கெணத்துலருந்து வந்தது.

உடுமலையில மட்டும் நடக்குற கூத்து இல்ல இது. அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல அரசாங்கமே காசு குடுத்து பழைய தெளிப்புக் குழாய மாத்தி நல்லதா போட வச்சுது, ஓகல்லாலா நிலத்தடி நீர காப்பாத்தணும்னு. கடைசியில எறைச்ச தண்ணி கொறையல, கூடிருச்சு, ஏன்னா அவங்களும் கூட கொஞ்சம் நெலத்த சேத்தாங்க, தண்ணி அதிகம் கேக்குற பயிருக்கு மாறுனாங்க. 2018-ல குவென்டின் கிராஃப்டன்னு ஆஸ்திரேலியா பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் சயின்ஸ் இதழ்ல பல நாட்டு அனுபவத்த வச்சு இதையே எழுதுனாங்க, பாசனத்த சிக்கனமாக்குனா வயல்ல மிச்சமாகும், ஆத்துப்படுகைக்கு மொத்தமா பாத்தா மிச்சம் ஆகறது ரொம்ப அபூர்வம்னு. ஊருக்கு ஊரு மானியம் குடுக்குறவங்க இதப் படிச்ச மாதிரி தெரியலீங்க.

அதுக்காக டியூப்ப சுருட்டிப் போட்டுடாதீங்க. உரம் கம்மி, களை கம்மி, ஆள் கூலி கம்மி, வெளச்சல் நல்லா வரும், அதெல்லாம் நெசம். தண்ணி மிச்சமாகணும்னா மட்டும் மொத்தமா எவ்வளவு எறைக்கலாம்னு ஒரு கோடு வேணும். ஆந்திராவுல 2000-கள்ல வறட்சி மாவட்டங்கள்ல வெவசாயிங்களே ஊர்ல மழமானி வச்சு, கெணத்துல அளவு எடுத்து, ரபிங்குற குளிர்காலப் போகத்துக்கு முன்னாடி ஒண்ணா உக்காந்து இந்த வருஷம் கீழ இவ்வளவுதான் இருக்கு, என்ன பயிர் போடலாம்னு வரவு செலவு எழுதுனாங்க. யாரும் யாரையும் தடுக்கல, நோட்டு எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்துச்சு, நெல்லு போட நெனச்சவங்க பலபேர் வேற பயிருக்குப் போனாங்க. பொருளாதார நோபல் வாங்குன எலினோர் ஆஸ்ட்ரம் அம்மா 1960-கள்ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுனதும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல போர் போட்டவங்க எப்படி கோர்ட்டு பேச்சுவார்த்தைன்னு போய் எறைக்கிறத தாங்களே கொறைச்சுக்கிட்டாங்கங்குறதத்தான், அங்க கடல்தண்ணி உள்ள ஏறுற அளவுக்கு ஒருத்தருக்கொருத்தர் போட்டி போட்டு உறிஞ்சிட்டிருந்தாங்க. நீங்களும் அவரும் ஒரு ஞாயித்துக்கெழம டீ குடிச்சுட்டு ரெண்டு கெணத்துலயும் கயிறு விட்டு அளந்து பாருங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்றது நம்ம ஊரு வழக்கம்தானுங்களே.

ஓய்வு பெற்ற ஆசிரியர், அரியலூர்: நிலத்தடி நீரை வானத்திலிருந்து சாட்டிலைட் அளப்பதாக என் பேரன் சொல்கிறான். மண்ணுக்குள் இருப்பதை மேலிருந்து எப்படிப் பார்க்க முடியும்? பையன் கதை விடுகிறானா?

பேரன் சொல்றது நெசம் சார், ஆனா "பாக்குறது"ங்குற வார்த்ததான் தப்பு. அது பாக்கல, எடை போடுது. நாசாவும் ஜெர்மனியும் சேந்து 2002 மார்ச்ல கிரேஸ்னு ரெண்டு சாட்டிலைட்ட ஜோடியா அனுப்புனாங்க. ஒண்ணு முன்னாடி ஓடும், இன்னொண்ணு சுமார் 220 கி.மீ. பின்னாடி தொரத்தும், அதனாலயே டாம் ஜெர்ரின்னு செல்லப்பேரு. முன்னாடி போறது ஒரு கனமான இடத்துக்கு மேல வரும்போது அங்க ஈர்ப்பு ஒரு துளி ஜாஸ்தி, அது கொஞ்சம் முன்னாடி இழுபடும், பின்னாடி உள்ளது அந்த இடத்துக்கு வரும்போது அதுவும் இழுபடும், ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் கூடிக் கொறையும். அந்த 220 கி.மீ. தூரத்துல தலமுடி தடிமன்ல பல பத்துல ஒரு பங்கு மாறுனாலும் அதுக்குத் தெரிஞ்சிரும். மாசா மாசம் அதே எடத்த எடை போட்டு, மேல இருக்குற ஏரி, பனி, மண் ஈரம் எல்லாத்தையும் கழிச்சா, மிச்சம் கொறைஞ்சது நிலத்தடித் தண்ணி. முதல் ஜோடி 2017-ல முடிஞ்சுது, அடுத்த ஜோடி 2018 மே மாசத்துலருந்து சுத்துது.

இத வச்சு மேத்யூ ரோடெல்ங்குற நாசா விஞ்ஞானியும் கூட ரெண்டு பேரும் 2009-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க, அதுவும் நம்ம நாட்டப் பத்தி. 2002 ஆகஸ்ட்லருந்து 2008 அக்டோபர் வரைக்கும் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி பகுதியில நிலத்துக்கு அடியிலருந்து காணாம போனது 109 கன கிலோமீட்டர். கன கிலோமீட்டர்ங்குறது நம்ம மண்டையில ஏறாது சார், டி.எம்.சி.யில சொன்னா சுமார் 3,850. மேட்டூர் அணை முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., ஆக நாப்பத்தோரு மேட்டூர், ஆறு வருஷத்துல. இத்தனைக்கும் அந்த வருஷங்கள்ல மழ ஏறக்குறைய வழக்கம்போலதான் பேஞ்சிருக்கு. கோதுமையும் நெல்லும், பம்பு செட்டும், இலவசமாவோ சல்லிசாவோ கெடச்ச கரண்ட்டும் பண்ணுன வேல.

இதுக்கு அப்புறம் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பஞ்சாப் அரசாங்கம் 2009-ல ஒரு சட்டம் போட்டுச்சு, ஜூன் 10-க்கு முன்னாடி நெல்லு நாத்து நடக்கூடாதுன்னு, கோடையில நட்டா வெயிலுக்கே தண்ணி போயிருதுங்குறது காரணம். நல்ல காரணம்தான். ஆனா நடவு தள்ளுச்சு, அறுவடை தள்ளுச்சு, கோதுமை வெதைக்க நாள் பத்தல, அவசரத்துல வைக்கோல் தாளக் கொளுத்துறது நவம்பர் பக்கம் ஒட்டுக்கா வந்துச்சு, அப்ப அங்க காத்தும் அசையாது, பொக போய் டெல்லி மேல உக்காந்துருச்சு. டெல்லி பொகைக்கு இது மட்டுந்தான் காரணம்னு யாரும் சொல்லல, ஆனா ஒரு பங்கு இருக்கு. கெணத்தக் காப்பாத்தப் போய் நுரையீரல்ல கை வச்ச கதை.

சாட்டிலைட்டுக்கு ஒரு கொறை உண்டு, பல நூறு கிலோமீட்டர் அகல நெலத்தத்தான் அதால எடை போட முடியும், உங்க தாலுகா அதுக்குத் தெரியாது. உங்க கெணத்துக்கு இன்னும் கயிறும் கல்லும்தான்.

மழ பேஞ்சா திரும்ப ஊறாதான்னு அடுத்து கேப்பீங்க. ஊறும், எடத்தப் பொறுத்து. கலிஃபோர்னியாவுல மென்டோட்டாங்குற ஊர் பக்கத்துல 1977-ல எடுத்த ஒரு போட்டோ இருக்கு, பேரன்கிட்ட தேடித் தரச் சொல்லுங்க. ஜோசப் போலண்ட்னு ஒரு நிலவியலாளர் ஒரு கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்துல நிக்கிறார். கம்பத்துல அவர் தலைக்கு மேல எங்கயோ உசரத்துல 1925-னு ஒரு போர்டு, நடுவுல 1955, காலடியில 1977. அந்தந்த வருஷத்துல தரை அங்க இருந்துச்சாம். எறைச்சு எறைச்சு கீழ இருந்த களிமண் அமுங்கி தரையே சுமார் ஒம்பது மீட்டர் கீழ போயிருச்சு. அப்படி அமுங்குன களிமண்ணுக்குள்ள திரும்ப தண்ணி புக எடமே இல்ல, எத்தன மழ பேஞ்சாலும் சரி.

ஆட்டோ ஓட்டுநர், வேலூர்: அடுத்த உலகப்போர் தண்ணிக்காகத்தான் வருமாமே?

இந்த டயலாக் முப்பது வருஷமா ஓடுதுங்கண்ணா. அமெரிக்காவுல ஆரன் வுல்ஃப்னு ஒரு பேராசிரியர் நாடுகளுக்கு நடுவுல தண்ணிக்காக நடந்த சண்டை சமாதானம் ரெண்டையும் அம்பது வருஷத்துக்கு, 1948-லருந்து 1999 வரைக்கும், எண்ணிப் பாத்தார். 1,831 சம்பவம், அதுல மூணுல ரெண்டு பங்கு ஒத்துழைப்பு, அடிதடி வரைக்கும் போனது 37-தான். தண்ணிக்காகவே நடந்த கடைசி முழுப் போர்னு அவர் சொல்றது சுமார் 4,500 வருஷத்துக்கு முன்னாடி இப்ப ஈராக் இருக்குற எடத்துல லகாஷ், உம்மான்னு ரெண்டு நகரத்துக்கு நடுவுல நடந்தது. 1960-ல போட்ட சிந்து நதி ஒப்பந்தம் இந்தியா பாகிஸ்தான் போர்கள் எல்லாத்தையும் தாண்டி நின்னுச்சு, 2025 ஏப்ரல்லதான் இந்தியா அத நிறுத்தி வச்சுது, அதனால இனிமே எப்படின்னு ஜோசியம் சொல்ல நான் வரல. கொழாயடி சண்ட மட்டும் எந்தப் பட்டியல்லயும் ஏறாது.

வாசகி, மடிப்பாக்கம், சென்னை: 2019-ல லாரிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தவ நான். அப்ப தென்னாப்பிரிக்காவுல இருக்குற கேப் டவுன் மாதிரி ஆயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா கேப் டவுன்ல டே ஜீரோ வரவே இல்லையே, சும்மா பயமுறுத்துனாங்களா?

பயமுறுத்துனாங்கதான் அக்கா, அதனாலதான் வரல. 2015-லருந்து மூணு வருஷம் மழ ஏமாத்துச்சு, தீவாட்டர்ஸ்க்ளூஃப்னு அவங்க பெரிய அணை வெறும் மணல் மேடா தெரிஞ்சுது. அணைகள்ல 13.5 சதவீதத்துக்கு எறங்குனா வீட்டுக் கொழாய மூடிருவோம், ஊர்ல சுமார் 200 எடத்துல கியூவுல நின்னு ஆளுக்கு 25 லிட்டர் புடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த நாளுக்குத்தான் டே ஜீரோன்னு பேரு. ஒரு கட்டத்துல தேதியே குறிச்சாங்க, 2018 ஏப்ரல் 12. பிப்ரவரி 1-லருந்து ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான். ரெண்டு நிமிஷத்துல குளியல், பக்கெட்டுக்குள்ள நின்னு குளிச்சு அந்தத் தண்ணிய டாய்லெட்டுக்கு ஊத்துறது, இப்படி. மாநகராட்சி இன்னொரு வேலையும் பண்ணுச்சு, ஒரு மேப் போட்டு எந்த வீடு கட்டுப்பாட்டுக்குள்ள தண்ணி எடுக்குதுன்னு பச்சப் புள்ளி வச்சு ஊரறிய காட்டிடுச்சு. நம்ம ஃபிளாட் அசோசியேஷன்ல இப்படி ஒரு மேப் வந்தா என்ன நடக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

2015-ல நாளைக்கு சுமார் 120 கோடி லிட்டர் குடிச்ச ஊரு 2018-ல ஏறக்குறைய 50 கோடிக்கு வந்துச்சு. இன்னொரு காரணம் அவ்வளவா யாரும் பேசுறதில்ல. வெவசாயிங்களுக்குப் போயிட்டிருந்த பங்கு நின்னுச்சு, அந்த பிப்ரவரியில குரோன்லாண்ட் பாசன சங்கத்துக்காரங்க தங்களோட சொந்த அணையிலருந்து ஆயிரம் கோடி லிட்டர் ஊருக்குத் தெறந்து விட்டாங்க. அப்புறம் ஜூன்ல மழ. தப்பிச்சாங்க.

ஆனா காசு இருந்தவங்க பலபேர் தோட்டத்துல போர் போட்டுக்கிட்டாங்க. கணக்குல மாநகராட்சித் தண்ணி கம்மியாயிடுச்சு, பூமிக்குள்ள என்ன ஆச்சுன்னு எந்தப் பச்சப் புள்ளியும் காட்டல. 2023-ல நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழ்ல வந்த ஒரு ஆய்வு கேப் டவுன் வீடுகளோட உபயோகத்த ஒரு கணக்கு மாடல் வச்சுப் பாத்துச்சு, மேல்தட்டும் அதுக்கு அடுத்த தட்டும் சேந்து மக்கள்தொகையில 14 சதவீதம்கூட இல்ல, வீட்டுத் தண்ணியில பாதிக்கு மேல அவங்களுக்குப் போகுது, நீச்சல்குளம், தோட்டம். கியூவுல நின்னுப் பழகுன குடிசைப் பகுதிக்காரங்களுக்கு டே ஜீரோங்குறது புது விஷயமே இல்ல, தெனமும் அவங்க தெருக்கொழாயிலதான் புடிச்சுட்டிருந்தாங்க.

சென்னைக்கு 2019 ஜூலை 12-ல ஜோலார்பேட்டையிலருந்து அம்பது வேகன்ல 25 லட்சம் லிட்டர் வந்துச்சு, எல்லா டி.வி.யிலயும் லைவ். ஊர் ஒரு நாளைக்குக் குடிக்கிறது பல பத்து கோடி லிட்டர் அக்கா, அந்த ரயில் ஒரு ஓரத்துக்குக் காணாது. உங்க ராத்திரி ரெண்டு மணி லாரி எந்த ஊர் வயக்காட்டு கெணத்துலருந்து வந்துச்சுன்னு அப்ப யாராவது கேட்டோமா? நானும் கேக்கல, வந்ததே போதும்னு சம்ப் மூடியத் தெறந்து விட்டேன்.

வாசகர், பிடோக், சிங்கப்பூர்: இங்கே நியூவாட்டர், அதாவது கழிவுநீரைச் சுத்திகரிச்சு எடுக்குற தண்ணி, அது பத்தி ஸ்கூல்லயே சொல்லிக் கொடுக்குறாங்க. ஊர்ல என் சித்தப்பாகிட்ட சொன்னா "சாக்கடைத் தண்ணியவா குடிக்கிற"ன்னு முகம் சுளிக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்றது?

மொதல்ல, நீங்க அத நேரடியா ரொம்பக் குடிக்கிறதில்லன்னு சொல்லுங்க. நியூவாட்டர்ல பெரும்பங்கு சிப் தயாரிக்கிற ஃபேக்டரிகளுக்கும் ஏசி குளிர்விக்கிறதுக்கும் போகுது, அவங்களுக்கு கொழாத்தண்ணிய விட சுத்தமா வேணும். ஒரு பங்கு நீர்த்தேக்கத்துல கலந்து, அங்கருந்து மறுபடி சுத்திகரிச்சு வீட்டுக்கு வருது. நுண்வடிகட்டி, அப்புறம் ஆர்.ஓ., அப்புறம் புற ஊதா ஒளின்னு மூணு கட்டம். 2002 தேசிய தினத்துல பிரதமர் கோ சோக் டோங்கோட சேந்து அறுபதாயிரம் பேர் பாட்டிலத் தூக்கிக் குடிச்சாங்க. உங்க அரசாங்கம் வார்த்தையிலயே பாதி ஜெயிச்சுது, சாக்கடைத் தண்ணின்னு சொல்றதே இல்ல, "பயன்படுத்திய நீர்" அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவுல டுவூம்பாங்குற ஊர்ல 2006-ல, கடும் வறட்சி நேரத்துல, இதே திட்டத்துக்கு ஓட்டு வச்சாங்க, 62 சதவீதம் பேர் வேணாம்னுட்டாங்க. உங்க சித்தப்பா தனி ஆள் இல்ல.

நமீபியா தலைநகர் விண்ட்ஹூக்ல 1968-லருந்து கழிவுநீரச் சுத்தம் பண்ணி நேரா குடிதண்ணிக் கொழாயிலயே சேக்குறாங்க, நடுவுல ஏரி கெணறு எதுவும் கெடையாது. பக்கத்துல வருஷம் பூரா ஓடுற ஆறு இல்லாத வறண்ட ஊரு, வெக்கப்பட்டுட்டு உக்காந்திருக்க முடியல.

இப்ப என்னோட பழைய பல்லவி. சிங்கப்பூர்ல அந்தத் தண்ணி முன்னாடி எங்க போச்சு? கடலுக்கு. அதனால நீங்க திருப்பி எடுக்குற ஒவ்வொரு லிட்டரும் சுத்த லாபம், மலேசியாவோட 1962 ஒப்பந்தம் 2061-ல முடியப்போற நாட்டுக்கு அந்த லாபம் உசுரு மாதிரி. ஆனா கடல் பக்கத்துல இல்லாத ஊருல கத வேற. ஹைதராபாத் கழிவு மூசி ஆத்துல போகுது, கீழ்ப்பக்கம் அத வச்சு மாட்டுத்தீவனப் புல்லும் நெல்லும் போட்டுப் பொழைக்கிற குடும்பம் நெறைய. மேல நகரத்துக்காரன் அத மொத்தமா சுத்தம் பண்ணி தானே திரும்பக் குடிச்சுட்டா நகரத்துக்கு விருது கெடைக்கும், கீழ இருக்குறவனுக்கு ஆறு நின்னுரும். நாத்தம் புடிச்ச தண்ணிதான், ஆனா அவன் நம்பியிருக்குற தண்ணி.

மீனவர் குடும்பத்துப் பட்டதாரி, ராமேஸ்வரம்: எங்களுக்கு நாலு பக்கமும் கடல். கடல்தண்ணிய சுத்தம் பண்ணிட்டா மேட்டர் முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?

குடிக்கிறதுக்குன்னா சரி தம்பி. சென்னைக்கு மீஞ்சூர்ல 2010-லயும் நெம்மேலியில 2013-லயும் நாளைக்கு பத்து கோடி லிட்டர் பிளான்ட் வந்தாச்சு. இதுக்கு உயிர்நாடியான ஆர்.ஓ. சவ்வ உருப்படியா வேலை செய்ய வச்சதுல ஒரு இந்தியர் கை இருக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல சிட்னி லோப்கூட சேந்து 1959, 60 வாக்குல சீனிவாச சௌரிராஜன். ஆனா உப்பப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூணுலருந்து நாலு யூனிட் கரண்ட் ஆகுது. வீட்டுக்குத் தாங்கும். ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர்னு மேல சொன்னேனே, அத முழுக்க கடல் தண்ணியில வெளைய வச்சா கிலோவுக்கு கிட்டத்தட்ட ஒம்பது யூனிட். ரேஷன் கடைக்காரர் கரண்ட் பில்ல சேத்துக் குடுப்பார். அப்புறம் பிரிச்ச உப்பு எங்க போகும்? ஐ.நா. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருங்க 2019-ல எண்ணுனப்ப உலகத்துல சுமார் 16,000 பிளான்ட், ஒரு நாளைக்கு ஒம்பதரை கோடி கன மீட்டர் நல்ல தண்ணி, பதினாலு கோடி கன மீட்டருக்கு மேல அடர் உப்புக் கழிவு. அதுல பெரும்பங்கு கரையோரமாவே திரும்ப வுடுறாங்க. அந்தக் கரையில யார் வலை போடுறாங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா.

பெயர் வெளியிட விரும்பாதவர், திருச்சி: 21 நகரத்துல 2020-க்குள்ள நிலத்தடி நீர் காலியாயிடும்னு 2018-ல பெருசா பேசுனாங்களே?

நிதி ஆயோக் அறிக்கையில வந்துச்சு. 2020 வந்துச்சு, போச்சு, அந்த ஊர்கள்ல போர் லாரி இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. பூஜ்யம்னு ஒரு நாள் வராதுங்க, பூஜ்யத்துக்கு முன்னாடி காசு தீந்துரும், 300 அடில கெடச்சது 900 அடின்னா கடன் வாங்கத் தெரிஞ்சவன் எட்டுவான், மத்தவன் கொடத்தத் தூக்கிட்டு நிப்பான்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: ஊருக்கெல்லாம் "எங்க போகுது, எங்க போகுது"ன்னு கேக்குறீங்களே சார், உங்க வீட்டு ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணி எங்க போகுது?

மாட்டிக்கிட்டேன். நாலு வருஷமா அந்த சன்னக் கொழா சிங்க்குக்கு கீழ நேரா ட்ரெயினுக்குள்ளதான் போயிட்டிருந்துச்சு, உங்க லெட்டர் வந்த அன்னிக்குத்தான் குனிஞ்சே பாத்தேன். புடுங்கி ஒரு பக்கெட்டுல விட்டு அளந்தேன், ஒரு லிட்டர் பாட்டில் நெறையிறதுக்குள்ள பக்கெட்டுல ரெண்டரை லிட்டரும் ஒரு டம்ளரும். தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டி.டி.எஸ். மீட்டர் வீட்ல இருக்கு, போர் தண்ணி 720 காட்டுச்சு, பக்கெட்டு தண்ணி 1,000-த்த நெருங்கிருச்சு. மிச்சம் பண்ற ஆர்வத்துல அத மொட்டமாடி துளசிக்கு ஊத்திட்டேன், மூணே வாரத்துல இல ஓரமெல்லாம் கருகி நின்னுச்சு, எங்கம்மா என்கிட்ட ரெண்டு நாள் பேசல. இப்ப அந்த பக்கெட்டு வீடு தொடைக்கவும் டாய்லெட்டுக்கும் போகுது. துளசிக்கு அம்மாவே கார்ப்பரேஷன் கொழாயில ஒரு சொம்பு புடிச்சு ஊத்துறாங்க, என்னத் தொட விடுறதில்ல.